ஐந்து டர்ன்ஓவர்

சீனக் கூடைப்பந்து லீக்கைப் பற்றிப் புதுக்கோட்டையில் என் அளவுக்குத் தெரிந்தவன் இன்னொருவன் இருந்திருக்க மாட்டான். பெருமைக்குச் சொல்லவில்லை. லியாவ்னிங் அணியில் இன்று குவோ ஐலுன் இறங்குகிறாரா, குவாங்தோங்கில் யி ஜியான்லியானை எத்தனை நிமிடம் ஆடவிடுவார்கள், குவாங்ஷாவின் ஹூ ஜின்ச்யூ ஆட்டத்துக்கு எத்தனை ரீபவுண்ட் எடுக்கிறார், எல்லாம் எனக்கு மனப்பாடம். வருடக்கணக்கில் அப்படி இருந்தேன். அத்தனை வருடத்தில் அந்த லீக்கின் ஒரு ஆட்டத்தைக்கூட முழுதாக உட்கார்ந்து பார்த்ததில்லை. தேவைப்படவில்லை. எனக்கு வேண்டியிருந்தது எண்கள். அந்த எண்களின் மேல் நான் பணம் கட்டிக்கொண்டிருந்தேன்.

கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் கலெக்டர் ஆபீஸ் என்றால் தொண்டைமான் மன்னரின் அரண்மனை. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு ஆவுடையார்கோயிலிலிருந்தும் விராலிமலையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அவர்களுக்கு மனு டைப் அடித்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. சாயங்காலம் பையன்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுப்பேன், அதற்குச் சம்பளம் கிடையாது. கல்லூரி அணியில் பாயின்ட் கார்டாக ஆடியவன். கோடை வந்தால் பெரியகுளத்துக்கும் கரூருக்கும் பஸ் ஏறி, அகில இந்தியப் போட்டிகளில் பெரிய பெரிய அணிகள் ஆடுவதைக் காலரியில் இடம் பிடித்து உட்கார்ந்து பார்த்த தலைமுறை. கபடியும் வடமாடும் கோலோச்சுகிற மாவட்டத்தில் கூடைப்பந்து ஆடுகிறவனுக்கு ஒரு கர்வம் இருக்கும். நமக்குத் தெரிந்தது இவர்களுக்குத் தெரியாது என்கிற கர்வம். நான் கவிழ்ந்தது அதில்தான்.

2020 ஜூன். ஊரடங்கு. கடை பாதி நாள் திறந்து பாதி நாள் மூடிக் கிடந்தது. மார்ச் மாதமே என்பிஏ நின்றுவிட்டது, ஐபிஎல் தள்ளிப்போய்விட்டது. நாமே வீரர்களைப் பொறுக்கி அணி போட்டு, நிஜ ஆட்டத்தில் அவர்கள் எடுக்கும் புள்ளிக்குப் பணம் கட்டுகிற ஃபேன்டஸி ஆப்களில் கட்டுவதற்கு ஆட்டமே இல்லாமல் ஏதேதோ நாட்டின் ஏதேதோ லீக்கெல்லாம் வரிசை கட்டின. நண்பன் ஒருவன் ஒரு ஆப்பின் லிங்க் அனுப்பினான். "மாப்ள, பாஸ்கெட்பால் வருது பாரு. நீதான் எக்ஸ்பர்ட்டாச்சே." ஜனவரிக் கடைசியில் கொரோனாவால் நின்ற சீன லீக், ஜூன் 20 அன்று சிங்தாவ், டோங்குவான் என்று இரண்டே நகரங்களில் அணிகளையெல்லாம் கொண்டுவந்து பூட்டிவைத்து, காலி அரங்குகளில் மறுபடி தொடங்கியது. உலகத்திலேயே அன்றைக்கு உருப்படியாக நடந்த கூடைப்பந்து விரல்விட்டு எண்ணக்கூடியதுதான்.

அந்தத் தேதியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஜூன் 15 ராத்திரி கல்வானில் மோதல். நம் வீரர்கள் இருபது பேர் போனார்கள். அதில் ஹவில்தார் பழனி, எங்கள் மாவட்டத்துக்குத் தெற்கே திருவாடானைப் பக்கம் கடுக்கலூர்க்காரர். அந்த வாரம் ஊரில் வேறு பேச்சே இல்லை. சீனப் பொருளைத் தொடக் கூடாது என்று டீக்கடைக்கு வெளியே சமூக இடைவெளி விட்டு நின்றபடி பேசினோம். நானும்தான் பேசினேன், மற்றவர்களைவிடச் சத்தமாக. ஜூன் 29 அன்று அரசாங்கம் 59 சீனச் செயலிகளைத் தடை செய்தபோது, பையன்களின் செல்போனை வாங்கி டிக்டாக்கை அழித்துவிட்டது நான்தான். அதே வாரம் என் போனில் சீன லீக்குக்கு எட்டுப் பேர் கொண்ட அணி தயாராக இருந்தது.

அதிலும் ஒரு நாள் பாயி ராக்கெட்ஸ் அணியிலிருந்து இரண்டு பேரை எடுத்தேன். பாயி என்பது சீன ராணுவத்தின் அணி. பெயரே ராணுவம் பிறந்த ஆகஸ்ட் 1-ஐக் குறிப்பதுதான். 1995-ல் லீக் தொடங்கிய காலத்தில் அசைக்க முடியாமல் இருந்து, மொத்தம் எட்டுக் கோப்பை வாங்கியவர்கள். வெளிநாட்டு வீரர்களை எடுத்துக்கொள்ளாத அணி என்பதால் பின்னாளில் தேய்ந்துபோனார்கள். 2020 அக்டோபரில் லீக்கை விட்டே விலகினார்கள். விலகியது தவிர மற்றதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். வெளிநாட்டுக்காரன் இல்லாததால் உள்ளூர் ஆள் கூடுதல் நிமிடம் ஆடுவான், விலை மலிவு, புள்ளி நிச்சயம் என்று கணக்குப் போட்டு எடுத்தேன். எங்கள் பக்கத்து ஊர்க்காரரைப் புதைத்த ஈரம் காயவில்லை, அந்த ராணுவத்தின் ஆட்கள் பந்து போட வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். விளையாட்டு வேறு, அரசியல் வேறு என்று யாராவது எனக்காகப் பரிந்து பேசலாம். நானே பேசிப் பார்த்தேன். அப்படியென்றால் பையன்களின் போனைப் பிடுங்கியிருக்கக் கூடாது.

இது சூதாட்டம் என்று எனக்கு நானே ஒரு தடவைகூடச் சொல்லிக்கொண்டதில்லை. திறமை விளையாட்டு என்றுதான் வைத்திருந்தேன். மனு அடிக்கிற கை என்பதால் தீர்ப்புகளையும் தேடி வைத்திருந்தேன். சென்னைக் குதிரைப் பந்தய வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, ரம்மி பற்றி 1967-ல் சொன்னது, ஃபேன்டஸி ஆட்டம் பற்றிப் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் 2017-ல் சொன்னது என்று வரிசையாக ஒப்பிப்பேன். வீட்டுப் பத்திரம் அடிக்க வரும் வக்கீல்களே அசந்துபோவார்கள். 2020 நவம்பரில் தமிழக அரசு ஆன்லைன் பந்தயத்துக்கு எதிராக அவசரச் சட்டம் போட்டபோது எரிச்சலாக இருந்தது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தபோது எனக்கே விடுதலை கிடைத்த மாதிரி முட்டை மாஸ் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். எதற்கு என்று மனைவி கேட்டாள். சும்மா என்றேன்.

2022-ல் ஒரு திங்கட்கிழமை ஆலங்குடிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். மகன் ஆன்லைன் ரம்மியில் விழுந்து, நகையெல்லாம் போய், கடன் கொடுக்கும் ஆப்காரர்கள் வீட்டுப் பெண்களின் படத்தை வைத்து மிரட்டுகிறார்கள். கலெக்டரிடம் கொடுக்க மனு வேண்டும். அந்த சமயம் நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டு அரசு விசாரித்துக்கொண்டிருந்தது; தற்கொலைச் செய்திகள் வாராவாரம் வந்தன. நன்றாகத்தான் அடித்துக் கொடுத்தேன். 'இளைஞர்களின் வாழ்வைச் சீரழிக்கும்' என்ற வரியை நானே சேர்த்தேன். அந்த அம்மாவுக்கு அது பிடித்துப்போய், இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அதே கம்ப்யூட்டரில் பக்கத்து டேபில் நான் கட்டியிருந்த ஆட்டத்தின் ஸ்கோர் திறந்திருந்தது. ரம்மி என்பது சீட்டு, நம்முடையது ஆராய்ச்சி என்று அப்போதும் மனசு சொன்னது. டைப்பிங் கூலியை வாங்கிக் கல்லாவில் போட்டேன்.

என்ன ஆராய்ச்சி? ஒரு அணியில் வெளிநாட்டு வீரர் எத்தனை கால்பகுதியில் இறங்கலாம் என்பதற்கு அங்கே ஒரு விதி, அது சீசனுக்குச் சீசன் மாறும். அதைத் தெரிந்துகொண்டால் உள்ளூர் வீரரின் நிமிடங்களைக் கணிக்கலாம். ஸ்டீல், பிளாக் இரண்டுக்கும் புள்ளி அதிகம். டர்ன்ஓவருக்கு, அதாவது பந்தை எதிரணிக்கு விட்டுவிட்டால், கழிப்பார்கள். ஸ்டார் பிளேயர் என்று யாரைக் குறிக்கிறோமோ அவருக்கு இரட்டிப்பு. சில நாள் ஜெயித்தேன், அதுவும் உண்மை. ஜெயித்த நாளெல்லாம் என் அறிவால், தோற்ற நாளெல்லாம் கோச் கடைசி நிமிடத்தில் ஆளை மாற்றியதால்.

இந்திய நேரத்துக்கு அந்த ஆட்டங்கள் பெரும்பாலும் சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் தொடங்கும். எங்கள் பயிற்சியும் ஐந்து மணிக்கு.

கழுத்தில் விசில், கையில் போன். லே-அப் வரிசையை ஓடவிட்டுவிட்டு போஸ்ட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். வெயில் திரையில் படாமல் இருக்க என்று சாக்கு. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் இடது கையால் லே-அப் போட மாசக்கணக்கில் திணறிக்கொண்டிருந்தான். காலடி தப்பும், பந்து போர்டில் பட்டுத் தெறிக்கும். ஒரு நாள் "சார், போட்டுட்டேன் சார், பாத்தீங்களா?" என்று கத்தினான். "சூப்பர்டா, முழங்கால நல்லாத் தூக்கின" என்றேன், தலையைத் தூக்காமல். அவன் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவன்தான் மெதுவாகச் சொன்னான்: "சார், அவன் ரைட் ஹேண்ட்ல போட்டான் சார். நீங்க பாக்குறீங்களான்னு செக் பண்ணான்." மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பையன் அடுத்த மாதத்திலிருந்து வாலிபாலுக்குப் போய்விட்டான்.

இனி பணத்தைச் சொல்லிவிட வேண்டும்.

பழைய ஆட்டக்காரர்கள் நாங்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். சிங்கப்பூரில் இரண்டு பேர், திருப்பூரில் சிலர், மிச்சம் உள்ளூர். போர்டு உளுத்துப்போய், ரிங் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. புது போர்டு, புது ரிங் போட வசூல் செய்தோம். நாற்பதாயிரம் சொச்சம் சேர்ந்தது. பொறுப்பு என்னுடையது, பணம் என் கணக்கில். அந்தப் பணத்தைத் 'தொட்டுவிட்டு வைத்துவிடலாம்' என்று தொட்டேன். இந்த இடத்தை எத்தனை விதமாக எழுதிப் பார்த்தாலும் திருட்டு என்றுதான் வருகிறது. முதலில் ஐந்தாயிரம். அதை மீட்க இன்னொரு ஐந்தாயிரம். 2022-ன் கடைசியில் பாதிக்கு மேல் போய்விட்டது.

குழுவில் கேட்க ஆரம்பித்தார்கள். "வெல்டிங் பட்டறையில இழுத்தடிக்கிறாங்க" என்று போட்டேன். அந்த நேரத்துக்கு வாயில் வந்தது. அந்தப் பட்டறை அண்ணனிடம் நான் அளவு மட்டும்தான் கொடுத்திருந்தேன், பதினாறு எம்.எம். கம்பியை நாற்பத்தைந்து சென்டிமீட்டர் வளையமாக வளைக்க வேண்டும், போர்டு சட்டத்துக்கு எல் ஆங்கிள், ரிங் தரையிலிருந்து 3.05 மீட்டர். முன்பணம் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. குழுவிலேயே மூத்தவர் ஒருவர், கோபக்காரர், என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு நேரே பட்டறைக்குப் போய்விட்டார். "என்னய்யா, காச வாங்கி வச்சுக்கிட்டு மாசக்கணக்கா அலைய விடுற?" என்று தெருவே பார்க்கச் சத்தம் போட்டார். பட்டறை அண்ணன் முகமூடியைத் தூக்கிவிட்டு அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "வேல ஜாஸ்திங்க. கரண்ட் வேற நிக்க மாட்டேங்குது. பதினஞ்சு நாள்ல குடுத்துர்றேன்" என்றார்.

அன்று ராத்திரி தனியாகப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. "தம்பி, என்ன ஏதுன்னு நான் கேக்கல. பதினஞ்சு நாள்னு வாய விட்டுட்டேன். கம்பி வாங்கணும்" என்றார். மனைவியின் செயினை அடகு வைத்துக் கொடுத்தேன். போர்டு நின்றுவிட்டது. திறப்பு விழாவில் எனக்குச் சால்வை போட்டார்கள். பட்டறை அண்ணனை யாரும் அழைக்கவில்லை. அழைக்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை.

செயின் போனதுக்குப் பிறகாவது நிறுத்தியிருப்பேன் என்று நினைப்பீர்கள். 2023 ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை, சித்திரை ஒன்று. வீட்டில் மாங்காய்ப் பச்சடி, பாயசம். கோயிலுக்குப் போய்விட்டு வந்து சாய்ந்தேன். சாயங்காலம் ஷாங்காய் ஷார்க்ஸுக்கும் ஜியாங்சு டிராகன்ஸுக்கும் பிளேஆப், மூன்றாவது ஆட்டம். ஜெயிக்கிறவர்கள் அடுத்த சுற்றுக்கு. ஷாங்காய் என்றால் யாவ் மிங் ஆடி 2002-ல் கோப்பை வாங்கிய அணி. கோச் லி சுன்ஜியாங், குவாங்தோங்கில் ஏழு கோப்பை வாங்கிக் கொடுத்தவர். ஜியாங்சுவுக்கு லி நான், முன்பு பாயி ராணுவ அணியின் நட்சத்திரம். நான் ஷாங்காய் பக்கம் சாய்ந்து கட்டியிருந்தேன்.

ஆட்டம் முடிய ஒரு நிமிடம் 36 நொடி இருக்கும்போது ஜியாங்சு நான்கு புள்ளி முன்னால். போச்சு என்று போனைக் கவிழ்த்து வைக்கப்போனேன். அப்போது திரையில் ஒரு டர்ன்ஓவர் விழுந்தது. அடுத்த முறை பந்து வந்ததும் இன்னொன்று. மறுபடி. மறுபடி. தொடர்ந்து ஐந்து. ஷாங்காய் 108, ஜியாங்சு 104.

நான்கு புள்ளி முன்னால் இருக்கிற அணிக்குக் கடைசி ஒன்றரை நிமிடத்தில் என்ன வேலை? பந்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தால் போதும். இருபத்து நான்கு நொடியை ஓட்டு, ஃபவுல் வாங்கு, ஃப்ரீ த்ரோ போடு. நான் பையன்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஐந்து முறை அடுத்தடுத்துப் பந்தை எதிரணிக்குக் கொடுக்க மாட்டார்கள். பாயின்ட் கார்டாக ஆடியவனுக்கு ஆட்டத்தைப் பார்க்கக்கூட வேண்டாம், வெறும் எண்ணே போதும். இரண்டாவது டர்ன்ஓவரிலேயே சந்தேகம். மூன்றாவதில் உறுதி. இது விற்ற ஆட்டம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

தெரிந்த பிறகு நான் செய்தது: எழுந்து நின்று கை தட்டினேன். ஜியாங்சு விட்ட பந்தில் என் ஷாங்காய் ஆளுக்கு ஸ்டீல் ஏறியது, ஸ்டீலுக்குப் புள்ளி அதிகம். நான்காவது விழுந்தபோது 'இன்னும் ஒண்ணு' என்றேன், வாய்விட்டு. மகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருப்பா ஜெயிச்சது, சிஎஸ்கேவா?" என்றாள். ஆமாம் என்றேன். அன்று கிடைத்தது ஆயிரத்துச் சொச்சம். நான் தொலைத்ததை எல்லாம் ஒரு பக்கம் வைத்தாலும், எனக்குள் இன்றைக்கும் ஆறாமல் கிடப்பது அந்த 'இன்னும் ஒண்ணு'.

திங்கட்கிழமை, 17-ஆம் தேதி, மனுக்கூட்டம் நெரிந்துகொண்டிருந்தபோது செய்தி வந்தது. இரண்டாவது, மூன்றாவது ஆட்டங்களை முறையாக ஆடவில்லை என்று சொல்லி இரண்டு அணிகளையும் அந்த சீசனிலிருந்தே நீக்கிவிட்டார்கள். ஆளுக்கு 50 லட்சம் யுவான் அபராதம். லி சுன்ஜியாங்குக்கு ஐந்து வருடத் தடை, லி நானுக்கு மூன்று வருடம். அப்போது சீனக் கூடைப்பந்துச் சங்கத்தின் தலைவர் அதே யாவ் மிங். தான் ஆடி வளர்ந்த அணியை, ஒரு காலத்தில் தானே விலைக்கு வாங்கிக் காப்பாற்றிய அணியைத்தான் அவர் தலைமையிலான சங்கம் தண்டித்தது. மூன்று நாளில் தீர்ப்பு. எனக்கு அந்த வேகம் பிடித்திருந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அன்றைக்குப் பயந்துதான் போனேன். அடுத்த மனுவில் 'ஐயா' என்பதற்குப் பதில் 'ஐந்து' என்று அடித்துக் கொடுத்ததால், வாங்கிப்போன பெரியவர் திரும்பி வந்தார்.

அதோடு விட்டேனா என்றால், இல்லை. ஆறு மாதம் தொடவில்லை. அக்டோபரில் அடுத்த சீசன் தொடங்கியதும் திரும்பப் போய்விட்டேன். முன்பைவிடக் கட்டியது கம்மி, அவ்வளவுதான் வித்தியாசம். 2025 ஆகஸ்டில் ஜெட்டாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவும் சீனாவும் ஒரே பிரிவில் வந்தன. நம் தமிழ்நாட்டு முயின் பெக் ஹபீஸ் ஆடிய அணி. நான் கட்டிய எட்டுப் பேரில் பெரும்பாலோர் சீனர்கள். பெரிய வித்தியாசத்தில் தோற்றோம். எனக்குக் கொஞ்சம் வந்தது. அடுத்த நாள் பயிற்சியில் ஒரு பையன், "சைனாவ நாம ஜெயிச்சதே இல்லையா சார்?" என்று கேட்டான். 2014 ஜூலையில் வூஹானில், அவர்கள் மண்ணிலேயே 65-58 என்று ஜெயித்திருக்கிறோம் என்று கதை கதையாகச் சொன்னேன். விசேஷ் பிருகுவன்ஷி, அம்ரித்பால் என்று பெயர் பெயராக. பையன்கள் வாய் பிளந்து கேட்டார்கள்.

அதே மாதம் நாடாளுமன்றத்தில் ஆன்லைன் பண விளையாட்டுத் தடைச் சட்டம் வந்தது. திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே அது தூக்கிப் போட்டுவிட்டது. பணம் கட்டுகிற ஆட்டம் எதுவானாலும் கூடாது. நான் சேர்த்துவைத்த தீர்ப்புகள் எதற்கும் உதவவில்லை. ஆப் பண ஆட்டத்தை மூடியது. மிச்சம் இருந்ததை எடுத்துக்கொள்ளச் சொல்லி மெசேஜ் வந்தது, எடுத்துக்கொண்டேன். ஆகவே நான் திருந்தினேன் என்று யாரும் எழுத வேண்டாம். கடையை மூடிவிட்டார்கள், வாங்குகிறவன் வீட்டுக்கு வந்துவிட்டான். இன்னொரு கள்ள ஆப் இருக்கிறது என்று அதே நண்பன் சொல்லியிருக்கிறான். அவன் அனுப்பிய லிங்கை அழித்தேன். லிங்கை அழிப்பது எளிது, அவனிடம் மறுபடி கேட்பதும் எளிதுதான்.

செயினை மீட்டுவிட்டேன். அது எங்கே போனது, எப்படி வந்தது என்று மனைவிக்கு இப்போது தெரியும். அவள் பேசிய பேச்சை இங்கே எழுதப்போவதில்லை, அது அவளுடையது. பட்டறை அண்ணனிடம் போய், குழுவில் உண்மையைப் போடப்போகிறேன் என்று சொன்னேன். "அப்ப என் பேரையும் நீக்கிருங்க தம்பி, அந்த இழுத்தடிச்ச பேர" என்றார்.

குழுவில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு இதைப் படித்துத்தான் விஷயம் தெரியவரும். போர்டுக்கு வந்த பணத்துக்கும் போன பணத்துக்கும் கணக்கு எழுதி, ரசீதுகளோடு கடையில் வைத்திருக்கிறேன். பிறகு நெட் வாங்க வந்த ஆறாயிரத்து இருநூறு கை படாமல் இருக்கிறது. அடுத்த வசூலை யார் வைத்துக்கொள்வது என்று குழுவே முடிவு செய்யட்டும். விசிலையும் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுகிறேன்.